புல்லில் ஒரு குதிரை எடுப்பு

எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஈப்போவில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அந்த நம்பிக்கை போய்விட்டது. போகும்போது என் வேலையையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஊருக்கு வெளியே ஒரு சின்னக் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த நான் அங்கே தற்காலிகக் குமாஸ்தா. (தோட்டத்துச் சனங்களுக்கு எந்தக் குமாஸ்தாவும் ‘கிராணி’தான், அதைக் கேட்டால் எனக்கு முகம் சுண்டிப்போகும்.) வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று தைப்பிங்கில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த பொன்னம்பலத்தார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெண்ணின் பெயர் தங்கரத்தினம். ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். அதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

திடலில் துரைமார் உட்காரும் மேடை எப்போதும் நிரம்பிவிடும். பொதுசனப் பகுதியில் நாலு பேர் இருப்பார்கள், அதிலும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். செயலாளர் துரை இதை ஒரு கை பார்ப்பது என்று கிளம்பினார். அங்கே அத்தாப்பு ஓலைக் கூரை வந்தது, பெஞ்சு வந்தது, தண்ணீர்த் தொட்டியும் சர்பத் கடையும் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டத்துக்கு முன்னால் குதிரைகளைப் பொதுசன வேலியோரம் நடத்திக் காட்டுவது என்று ஏற்பாடு.

“சீமையில் இதைப் பார்க்கவே கூட்டம் கூடும். நீ தமிழில் நோட்டீஸ் எழுது. அந்தப் பகுதி நிரம்பினால் உன் வேலை நிரந்தரம்” என்றார் துரை.

‘பரிகளின் பவனி’ என்று எழுதி, அந்த அழகை நானே நாலு தடவை வாசித்து ரசித்துவிட்டு, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். கறுப்பையா கங்காணி எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“பரின்னா என்னங்க கிராணியாரே? பருப்பு ஏதும் குடுக்கிறாங்களா?”

“குதிரை ஐயா, குதிரை! பதினெட்டுக் குதிரையள் வரிசையாய் வரும்.”

கங்காணி நிமிர்ந்து உட்கார்ந்தார். “குதிரை எடுப்பா! அப்படிப் போடுங்க. ஒரு ஆளு வீட்டுல இருக்க மாட்டான்.”

எடுப்பு என்றால் எனக்குத் தெரிந்தது கம்பீரம். எடுப்பான தோற்றம் என்று சொல்வதில்லையா? படிக்காத மனிதர் வாயில் இப்படி ஒரு சொல்லா என்று வியந்து, அங்கேயே ‘பரிகளின் பவனி’யை அடித்துவிட்டு ‘குதிரை எடுப்பு’ என்று எழுதிக்கொண்டேன்.

“எங்க ஊருல எல்லாம் மண்ணுதாங்க” என்றார் கங்காணி.

“இஞ்ச முழுக்கப் புல்.”

“புல்லா! தாங்குமாங்க?”

“ஏன் தாங்காது? நாள் தவறாமல் தண்ணி விடுகிறம்.”

கங்காணி வாயில் விரலை வைத்தார். “நாங்களும் ஒரு கை குடுக்கலாமுங்களா?”

தடவிப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். “தாராளமாய்” என்றேன். (இந்த ஒரு சொல்லுக்காக என்னை நானே எத்தனை முறை திட்டிக்கொண்டிருப்பேன்!)

அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து சனம் வந்தது. ரயிலில் வந்தார்கள், மாட்டு வண்டியில் வந்தார்கள், நடந்தும் வந்தார்கள். பெண்கள் மஞ்சள் சேலை கட்டியிருந்தார்கள். கூடை கூடையாய்ப் பூமாலை, தேங்காய், மேளம். வாசற்காரன் ஓடி வந்து, “கிராணியாரே, ஆட்டுக்கும் டிக்கெட்டு உண்டா லா?” என்று கேட்டான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ சனங்கள் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள் என்று பூரித்துப் போனேன்.

மேடையிலிருந்து துரை எனக்குக் கையசைத்தார். நான் அழைத்து வந்திருந்த பொன்னம்பலத்தார் அதைப் பார்த்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

குதிரைகள் வேலியோரம் வந்தன. முன்னால் வந்தது துரையின் சொந்தக் குதிரை, பால் வெள்ளை. அதைக் கண்டதும் பெண்கள் ஒரே குரலில் குலவையிட்டார்கள். மேளம் முழங்கியது. நூறு தேங்காய் ஒரே நேரத்தில் உடைந்தது. பதினேழு குதிரைகள் ஓட்டிகளை உதறிவிட்டு நாலு திசையிலும் பறந்தன. ஒன்று பக்கத்தில் ஈயம் தோண்டிய பள்ளத்துக் குளத்தில் இறங்கி நின்றது. வெள்ளைக் குதிரை மட்டும் அசையாமல், தன் கழுத்தில் விழுந்த செவ்வந்தி மாலையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

துரை கீழே இறங்கி ஓடி வந்தார். “என்ன செய்கிறார்கள்?”

“கும்பிடுகிறார்கள், ஐயா.”

“யாரை?”

“உங்கள் குதிரையை.”

அதற்குள் கங்காணி என்னைப் பிடித்துக்கொண்டார். “என்னங்க கிராணியாரே, புல்லுக் குதிரைன்னீங்க, இது உசிரோட நிக்குது! எங்க சிவகங்கைப் பக்கம் அய்யனாருக்கு மண் குதிரை செஞ்சு தோள்ல தூக்கிட்டுப் போவோம். அதான் எடுப்பு. இதை எப்படிங்க தூக்குறது?” சற்று யோசித்தார். “சரி, வந்தது வந்துட்டோம். டேய், எட்டுப் பேரு வாங்கடா!”

நான் “வேண்டாம்” என்று கத்தியது மேளத்தில் அமுங்கிப் போயிற்று. எட்டுப் பேர் மூங்கிலோடு குதிரையின் வயிற்றுக்குக் கீழே குனிந்தார்கள். முன்னங்கால்கள் ஒரு சாண் எழும்பியிருக்கும். அவ்வளவுதான், குதிரை எட்டுப் பேரையும் உதறிவிட்டுத் திடலை ஒரு சுற்று சுற்றி, நேரே லாயத்துக்குள் போய்விட்டது. அன்றைக்கு நடந்த ஒரே ஓட்டம் அதுதான்.

பொன்னம்பலத்தார் எழுந்து குடையை எடுத்தார். “தம்பி, உது என்ன கூத்து?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். பொதுசனப் பகுதி நிரம்பி வழிந்ததைத் துரைக்கு நினைவுபடுத்தினேன். அதனால் போலீஸைக் கூப்பிடாமல், வேலையை விட்டு மட்டும் அனுப்பினார். வெட்கத்தில் அன்று எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

ஆனால் கறுப்பையா கங்காணிக்கு மனம் கேட்கவில்லை. “எங்களாலதானே உங்களுக்கு இந்தக் கதி” என்று சொல்லித் தன் தோட்டத்துத் துரையிடம் என்னை இழுத்துப் போனார். மூன்றே மாதத்தில் நான் நிரந்தரக் கிராணி. (அதற்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டு முகம் சுண்டியதில்லை.) தைப்பிங்கில் பொன்னம்பலத்தார் கோபமாகச் சொன்ன கதையைக் கேட்ட தங்கரத்தினம், சிரித்துச் சிரித்துப் புரையேறி, வேறு மாப்பிள்ளை பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

கல்யாணத்துக்குத் தோட்டமே வந்தது. ஊர்வலம் கிளம்பும்போது கங்காணி முன்னால் வந்து, “குதிரையைத்தான் தூக்க முடியல, இவரையாவது தூக்குவோம்” என்றார். நான் சுதாரிப்பதற்குள் அதே எட்டுப் பேர் என்னைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். மாமனார் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. முடிக்கிற பொறுப்பை என் மனைவி யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

“அந்தக் குதிரைக்கு மூளை இருந்தது, உதறிப்போட்டு ஓடிட்டுது” என்பாள் பிள்ளைகளிடம். “உங்கட அப்பா சிரிச்சுக்கொண்டு மேலேயே இருந்தவர்.”