கிருமிக்கும் சங்கு ஊதியவர்

காஞ்சிபுரத்தில் சாமிக்குப் பயப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன். போலீஸுக்குப் பயப்படாதவர்களையும் பார்த்திருக்கிறேன். சங்கண்ணனுக்குப் பயப்படாத ஒரு ஆளைப் பார்த்ததில்லை. சாவு வீட்டில் சங்கு ஊதுவது அவர் தொழில். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், அதைக் கேட்க யாருக்குத் தைரியம்? நெட்டை உருவம், இமைக்காத கண். அவர் எதிரே வந்துவிட்டால் பெண் பார்க்கக் கிளம்பினவர்கள்கூட வீட்டுக்குத் திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். "நல்லா இருக்கிறீங்களா மேஸ்திரி?" என்று மரியாதைக்கு அவர் கேட்டு வைத்தால், நெசவு மேஸ்திரியான எங்கப்பாவுக்கு அன்றைக்கு முழுக்கத் தறியில் கை ஓடாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசி மழையில் வேகவதி ஆறு பெருகித் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. தறிக்குழியெல்லாம் தண்ணீர். ஓயாமல் தறி அடித்த தெருவில் சத்தமே இல்லை. தண்ணீர் வடிவதற்குள் வாந்திபேதி வந்து சேர்ந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் மருந்துப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்து, கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடவும் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கவும் தடுப்பூசிக்கு ஆட்களைக் கூட்டவும் தொண்டர்கள் வேண்டும் என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். சங்கண்ணன் கையைத் தூக்கினார்.

"நீயா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஏன் சார்? நான் போவாத வூடே இந்தத் தெருவுல கெடையாது."

ஊரைக் கூட்ட அவரிடம் தமுக்கா இருந்தது? இருந்தது ஒரே ஒரு சங்கு. மறுநாள் காலை மழை இருட்டில், தேங்கிக் கிடந்த தண்ணீர்மேல் அது 'பூம்ம்' என்று பரவி வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வீட்டு ஆட்களை எண்ணிப் பார்த்துக்கொண்டே தெருவே வாசலுக்கு ஓடி வந்தது.

"யாருப்பா போயிட்டது?" என்றாள் அம்மா.

"இன்னும் யாரும் போவலம்மா. ஊசி போட்டுக்க மாட்டேன்றது யாருன்னு சொல்லு, பேரைச் சொல்லிடறேன்."

அவ்வளவுதான், அத்தனை பேரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கிணற்றில் பவுடரைக் கொட்டிவிட்டும் ஒருமுறை ஊதினார். "இது யாருக்கு?" என்று கேட்டேன். "கிருமிக்குத்தான்" என்றார். சிரிக்கவில்லை. அவர் எப்போதுமே சிரிக்க மாட்டார்.

ஊசிக்குப் பயந்து பரண்மேல் ஒளிந்துகொண்ட ஒரே வீரர் எங்கப்பா. அவரைத்தான் நோய் பிடித்தது. மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய், குரல் தேய்ந்து, விரலெல்லாம் ஊறப்போட்ட மாதிரி சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி வெள்ளத்தில் அறுந்து கிடந்தது. "உடம்புல தண்ணி நிக்கணும், விடாம குடுங்க" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் அடுத்த தெருவுக்கு ஓடினார். சங்கண்ணன் போகவில்லை. சாவு வீட்டில்கூட யாரும் வாசலைத் தாண்ட விடாத மனுஷன், யாரையும் கேட்காமல் உள்ளே வந்து, சங்கை மடியில் வைத்துக்கொண்டு அப்பா தலைமாட்டில் உட்கார்ந்தார். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். அப்பா வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினார்.

தலைமாட்டில் சங்கண்ணன் இருப்பதை ஜன்னல் வழியே பார்த்த எதிர்வீட்டுக்காரர், அந்த வெள்ளத்திலும் எங்கிருந்தோ ஒரு மாலையோடு வந்துவிட்டார். அப்பா கண்ணைத் திறந்து மாலையைப் பார்த்தார்.

"முடிஞ்சிட்டுதா?" என்றார்.

"வாயத் தொறங்க மேஸ்திரி, கஞ்சி ஆறுது" என்றார் சங்கண்ணன்.

விளக்கு வைக்கிற நேரம் மழை விட்டது. ஆற்றுப் பக்கமிருந்து ஒரு சங்குச் சத்தம் கேட்டது. எல்லோரும் சங்கண்ணன் மடியைப் பார்த்தோம். சங்கு மடியில்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் சங்கு ஊத வேறு ஆள் கிடையாது. மறுபடியும் கேட்டது, இந்தத் தடவை இன்னும் கிட்டத்தில். அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்க ஆரம்பித்தது. அம்மா சத்தமில்லாமல் அழுதாள்.

சங்கண்ணன் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். தெருத் தண்ணீரில் இறங்கி, இருட்டைப் பார்த்து நின்று ஊதினார். சாவுக்கு ஊதுகிற ஊதல் இல்லை அது, சண்டைக்குக் கூப்பிடுகிற சத்தம். கழுத்து நரம்பு புடைக்க, மூச்சு முட்ட முட்ட ஊதினார். அவர் நிறுத்தினபோது அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. தவளைகூடக் கத்தவில்லை.

"யாருண்ணா அது?" என்றேன்.

"யாரா இருந்தா இன்னா? இந்த வூட்ல வேலை இல்லன்னு சொல்லிட்டேன்" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உடம்பில் தண்ணீர் நின்று, விடிகிறபோது அப்பாவுக்குச் சிறுநீர் பிரிந்தது. பிழைத்துக்கொண்டார் என்று முதலில் சொன்னது சங்கண்ணன்தான்.

அப்புறம் வெகுகாலம் நெய்து, பேரன் பேத்தி எடுத்து, தூக்கத்திலேயே அப்பா போனார். சொல்லியனுப்பினோம். தள்ளாடிக்கொண்டு வந்து பாடைக்கு முன்னால் நின்ற சங்கண்ணன், சங்கை வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது. மறுபடி வைத்தார். அப்போதும் காற்றுதான்.

"ஊதுப்பா, நேரமாவுது" என்றார்கள் பங்காளிகள்.

"இவருக்கு என்னால முடியாது" என்றார் என்னைப் பார்த்து. "என் கையால கஞ்சி குடிச்சவரு."

சங்கை இடுப்பில் செருகிக்கொண்டு, பாடைக்குத் தோள் கொடுக்க வந்தார். பங்காளிகள் முகத்தைச் சுளித்தார்கள். "அவரு தூக்கட்டும்" என்றாள் வாசலிலிருந்து அம்மா. சங்கு ஊதாமல் எங்கள் தெருவிலிருந்து போன சாவு அது ஒன்றுதான். போகிற வழியெல்லாம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. பெற்ற பிள்ளை நான் அழுததைவிட அவர் அழுததுதான் பெரிதாகக் கேட்டது.