பெண் வீட்டுக் கல்விழுது

ஜியாலஜி படித்தவர்கள் கல்லை நக்கிப் பார்ப்பார்கள். வெளியில் ஒத்துக்கொள்ள மாட்டோம், அவ்வளவுதான். உப்பா, சுண்ணாம்பா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதபோது நாக்குதான் எங்களுக்கு ஆய்வகம். மலையில் செய்தால் இது அறிவியல். பெண் பார்க்கப் போன வீட்டில் செய்தால் என்ன பெயர் என்பது எனக்கு வில்லாபுரத்தில்தான் தெரிந்தது.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. "கல்லுக்குப் பாடம் எடுக்கிறவரா?" என்று கேட்டே பல வீடுகளில் என்னைக் கழித்துவிட்டார்கள். (கல்லுக்கு இல்லை, கல்லைப் பற்றி. சில வகுப்புகளில் வித்தியாசம் தெரியாது, அது வேறு விஷயம்.) தரகர் கொண்டுவந்த சங்கீதாவின் போட்டோவைப் பார்த்ததும் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். பெண் பார்க்கக் கிளம்பி ஆட்டோவில் ஏறும்போதே அம்மா சொல்லிவிட்டாள்: "அங்க வந்து வாயத் தொறக்காம இரு. அது போதும்."

போனதும் கை கழுவப் பின்பக்கம் போனேன். நிமிர்ந்து பார்த்தால், நீட்டிக்கொண்டிருந்த மாடித் தளத்துக்கு அடியில் வெள்ளை வெளேரென்று விழுதுகள்! குகைகளில் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சுண்ணாம்பைப் படியவைத்துத் தொங்கவிடுமே, அதே கல்விழுது. குகைக்குப் போக லீவு கிடைக்காதவனுக்கு வில்லாபுரத்தில் தரிசனம். நுனியில் ஒரு சொட்டு வேறு மினுங்கியது. சுவரில் பூக்கிற வெறும் உப்பா, அசல் சுண்ணாம்பா? பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் ஏறி நக்கிவிட்டேன்.

ஆத்தாடி! சிமென்ட்டில் ஊறி இறங்குகிற தண்ணீர் நாக்கைப் பொசுக்கிவிடும் என்று மாணவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனால் எரியுமே, அது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கண்ணில் நீர் வழிய இறங்கித் திரும்பினால், அடுப்படி ஜன்னலில் சங்கீதாவின் அத்தை, கையில் ஜல்லிக்கரண்டியோடு அப்படியே நிற்கிறார்.

கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். சங்கீதா ஆவி பறக்கக் காபி கொண்டுவந்தாள். வாயில் வைக்க முடியுமா? டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பெண்ணைப் பிடிக்கவில்லை போல என்று அவள் அப்பாவின் முகம் சுருங்கியது. அதற்குள் அத்தை உள்ளிருந்து கிசுகிசுத்தது தெருவுக்கே கேட்டது.

"அண்ணே, மாப்ள நம்ம வீட்டுச் சுண்ணாம்பத் திங்கிறாருண்ணே! சின்னப்புள்ளைக சிலேட்டுக்குச்சி திங்குமே, அது மாதிரி. வயித்துல பூச்சி இருக்குண்ணே."

சங்கீதாவின் அப்பா தொண்டையைச் செருமினார். "ஏன் தம்பி, அங்கிட்டு என்ன செஞ்சீக?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? வெந்த நாக்கோடு பாடமே எடுத்துவிட்டேன்.

"அது கல்விழுது மாமா. மேல இருந்து தண்ணி கசிஞ்சு, கான்கிரீட்டுல இருக்க சுண்ணாம்பக் கரைச்சுக்கிட்டு இறங்குது. காத்துப் பட்டதும் கல்லாப் படியுது. உப்பான்னு பாத்தேன், உப்பு இல்ல. கசிவ மட்டும் அடைச்சிருங்க."

"அம்புட்டும் சரி. அதுக்கு மேல என்ன இருக்குன்னு கேட்டீகளா?"

"என்ன மாமா?"

"கக்கூசு."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. கதவுக்குப் பின்னால் சங்கீதா சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், மறுபடியும் சிரித்தாள். மானம் போன அந்த நேரத்திலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அப்படியே வீடு வந்து சேர்ந்தோம். நான் சங்கீதாவை மனசுக்குள் கும்பிட்டு வழியனுப்பிவிட்டேன். மறுநாள் தரகர் போன் செய்தார்.

"தம்பி, பொண்ணுக்குச் சம்மதமாம். இம்புட்டு வெள்ளந்தியான ஆளு கெடைக்காதுன்னு சொல்லுச்சாம். ஆனா அத்தக்காரி ஒரு கண்டிசன் போடுது. பூச்சி மாத்திரை போட்டுக்கிட்டுத்தேன் தாலி கட்டணுமாம்."

போட்டுக்கொண்டேன், கட்டினேன்.

மாமா அந்தக் கசிவை எப்போதோ அடைத்துவிட்டார். ஆனாலும் நான் விருந்துக்குப் போனால், அத்தை முதலில் பின்பக்கக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். அதற்கப்புறம்தான், "வாங்க மாப்ள!"