ஸ்டேஷன் மாஸ்டர் படித்துக்காட்டிய நாடகம்

பி.ஏ. பாஸ் செய்தவனுக்கு முதல் ஒரு வருஷம் கண் தெரியாது. காது கேட்காது. வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும். எனக்கு அந்த வியாதி இருபத்து மூன்றாம் வயதில் கண்டது. தெளிவதற்குள் ஒரு தெருவையே அழவைத்துவிட்டேன்.

அது யுத்த காலம். திருத்தணியில் மண்ணெண்ணெய் இல்லை, தறிக்கு நூல் இல்லை, எனக்கு வேலை இல்லை. நூல் கிடைக்காத நெசவாளர்களில் பாதிப்பேர் பட்டாளத்தில் சேர்ந்து எங்கோ பர்மா பக்கம் போயிருந்தார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து இங்கிலீஷில் சிந்தித்துக்கொண்டிருந்தேன். எங்கள் நைனா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "சிந்திக்கிறதைத் தெருவுல போய் சிந்திடா. நாலு பேருக்காவது உபயோகமா இருக்கும்."

அப்படித்தான் நெசவுத் தெரு பஜனைக் கூடத்தில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு தொடங்கினேன். சாயங்காலம் ஒரு மணி நேரம். ஆறு பேர் வந்தார்கள். அதில் இருவரைச் சொன்னால் போதும். ஒருவர் சுப்பராயுடு. தறி வைத்திருந்தவர், தெலுங்குக்காரர். பட்டணத்துச் சேட்டுகளிடம் இங்கிலீஷில் பேரம் பேச வேண்டும் என்பது அவர் ஆசை. இன்னொருவர் முனிரத்தினம். ஊருக்கெல்லாம் தந்தி கொண்டுபோய்க் கொடுப்பவர்.

"உனக்கெதுக்கு இங்கிலீஷ்?" என்று கேட்டேன். (என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை 'நீ' என்றுதான் கேட்டேன். வியாதி அப்படி.)

"உறைமேல இருக்கிற பேரைப் படிச்சிடுவேன் சார். உள்ள இருக்கிறது தெரியாது. குடுத்தா, 'நீயே படிச்சுச் சொல்லு'ன்றாங்க. தெரியாதுன்னா, காயிதத்தைத் தூக்கிகினு ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட ஓடறாங்க. தந்தின்னாலே சாவுன்னு நெனச்சு தெருவே அழுதுகினு பின்னாடி ஓடுது. போன மாசம் ஒரு தபா, பேரன் பொறந்திருக்கான்னு தந்தி. அதுக்குள்ள அந்தம்மா மாரடிச்சுகினு மயக்கமா விழுந்துட்டாங்க. நல்லதோ கெட்டதோ, வாசல்லயே நின்னு மெதுவா சொல்லிட்டா போதுங்க. அதுக்குத்தான்."

இதற்கு ஒரு வாரம் போதும். தந்தியில் வருகிற இருபது முப்பது வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த மனிதர் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். ஆனால் நான் பி.ஏ. ஆயிற்றே! தந்தி பாஷையெல்லாம் ஒரு பாஷையா? காலேஜில் நான் படித்த பழைய ஆங்கில நாடகம் ஒன்றைக் கையில் எடுத்தேன். அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். அதற்கு நான் செய்த அவமானம் ஏற்கெனவே போதும். போர்க்களத்திலிருந்து சேதி வருமா என்று ஒரு ராஜா காத்திருப்பார். கடைசியில் தூதன் கடிதத்தோடு வந்து, இளவரசன் இறந்துவிட்டான் என்பான். ராஜா சிங்காதனத்திலிருந்து விழுவார். இவ்வளவுதான் கதை. இதை மூன்று மாதம் நடத்தினேன். முனிரத்தினம் தினமும் வந்து, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ராஜாக்கள் கொட்டாவி விட்ட இங்கிலீஷைக் கவனமாக எழுதிக்கொண்டு போனார்.

நடுவில் ஒருநாள், "சார், தந்தியில வர்ற வார்த்தை எப்ப வரும்?" என்று கேட்டார்.

"எல்லாம் இதுக்குள்ளயே வரும்" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் முதியோர் வகுப்புகளைப் பார்வையிட ஜில்லா அதிகாரி ஒருவர் வரப்போவதாகச் சேதி வந்தது. அவர் மனசு வைத்தால் எனக்கு ஹைஸ்கூலில் வாத்தியார் வேலை நிச்சயம் என்றார்கள். உடனே நாடகத்தை நடித்தே காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். சுப்பராயுடு ராஜா. முனிரத்தினம் தூதன். மற்றவர்கள் மந்திரிகள், சும்மா நிற்க வேண்டும்.

தூதனுக்கு உடுப்புக் கிடைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த அபார யோசனை உதித்தது. "உன் காக்கிச் சட்டையிலேயே வந்துடு. சைக்கிள் மணியை வெளியே ரெண்டு தரம் அடி. ஜனங்களுக்கு நடுவுல கையில காகிதத்தோட நடந்து வா. தத்ரூபமா இருக்கும்" என்றேன்.

முனிரத்தினத்தின் முகம் மாறியது. "வேணாங்க சார். இந்த டிரெஸ்ல காயிதத்தோட வந்தா... பொம்பளைங்க உக்காந்துகினு இருப்பாங்க. அவங்க வூட்டு ஆளுங்கள்லாம் பட்டாளத்துல..."

"நாடகத்தைப் பத்தி உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"உங்களுக்குத்தாங்க" என்றார்.

அந்த நாளும் வந்தது. வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டுமென்று ஐந்து மணிக்கே ஆரம்பித்தோம். கூடம் நிரம்பி வழிந்தது. பெண்கள் பக்கம்தான் கூட்டம் அதிகம். முன் வரிசையில் கன்னியம்மா. கல்யாணமாகி ஆறு மாதத்தில் புருஷன் பட்டாளத்துக்குப் போய்விட்டான். அதிகாரி நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தார். நான் வேட்டித் திரைக்குப் பின்னால் புத்தகமும் கையுமாக நின்றேன்.

ராஜா வந்தார். சுப்பராயுடு சின்ன வயசிலிருந்து கூத்துப் பார்த்தவர். கூத்தில் ராஜா வந்தால் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். இங்கிலீஷ் ராஜாவுக்கு மட்டும் விலக்கா என்ன? காகிதக் கிரீடம் ஆட ஆட மூன்று சுற்றுச் சுற்றி, "ஐ யாம் கிங்! கிங் ஈஸ் கமிங்!" என்று கர்ஜித்தார். புத்தகத்தில் இது இல்லை. அதிகாரி புன்னகை செய்தார். எனக்கு ஹைஸ்கூல் நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது.

வெளியே சைக்கிள் மணி இரண்டு தரம் அடித்தது.

கூடம் அப்படியே அடங்கிப்போனது. காக்கிச் சட்டையில், கையில் காகிதத்தோடு, தலையைக் குனிந்துகொண்டு முனிரத்தினம் உள்ளே வந்தார். கன்னியம்மா எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் அந்தப் பக்கம் முழுவதும் எழுந்துவிட்டது. யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு விம்ம, அது அப்படியே பரவியது.

அதிகாரி என் பக்கம் திரும்பி, "பேஷ்! என்ன உருக்கம்!" என்றார். இந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் கண் கலங்கியது. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாத ஜனங்களை வசனம் பேசுவதற்கு முன்பே அழவைத்துவிட்டேனே என்று பெருமை!

"யாருக்கு அண்ணா?" என்றாள் கன்னியம்மா.

அவர்கள் அழுதது நாடகத்துக்கு இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிங்காதனத்தில் இருந்த சுப்பராயுடுகூட இறங்கி வந்து, கிரீடத்தைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, "எவரிகி, முனிரத்தினம்?" என்று அதையே தெலுங்கில் கேட்டார். அவருடைய தம்பி மகனும் பட்டாளத்தில்தான் இருந்தான்.

உறைத்தும் என் கண் அதிகாரி மேல்தான் இருந்தது. "வசனம்! வசனத்தைச் சொல்லு!" என்று நான் திரைக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தேன்.

முனிரத்தினம் அந்தப் பெண்களைப் பார்த்தார். அவர் பேச வேண்டியது, 'உங்கள் மகன் இறந்துவிட்டான்' என்பது. அவர் உரக்கச் சொன்னது வேறு: "நோபடி! நோபடி டெட்! ஆல் வெல்!" பிறகு தமிழில், "யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. இது சும்மா. நாடகம்" என்றார்.

மூன்று மாதத்தில் அந்த வகுப்பில் யாராவது தானாக யோசித்துப் பேசிய இங்கிலீஷ் அது ஒன்றுதான். நான் திரையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, "மடையா! புத்தகத்துல இருக்கிறதைச் சொல்லுடா!" என்று கத்தினேன்.

அவ்வளவுதான். தந்திக்காரன் ஒன்றுமில்லை என்கிறான், படித்த சார் இருக்கிறதைச் சொல் என்கிறார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? "மறைக்கறியா அண்ணா?" என்று கன்னியம்மா காகிதத்தைப் பிடுங்கினாள். வழக்கம்போல ஸ்டேஷனைப் பார்த்து ஓடினாள். தெருவே மாரில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடியது.

அந்தக் காகிதத்தில் தூதனின் வசனத்தை நான்தான் முத்து முத்தாக இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தேன், மறந்துபோனால் பார்த்துப் படிக்கட்டும் என்று.

ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பிளாட்பாரத்தில் நின்றபடி படித்துத் தமிழில் சொன்னார்: "சண்டையில தோத்துட்டாங்களாம். உங்க மகன் இறந்துட்டானாம்."

"யார் மகன்?"

திருப்பிப் பார்த்தார். "பேர் போடலையே."

பேர் போடாததால் ஒவ்வொருத்தியும் தன் மகன் என்றோ தன் புருஷன் என்றோ எடுத்துக்கொண்டாள். நான் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரி. ஒரு மூட்டையின் மேல் ஏறி நின்று, "பொய்! நான் எழுதினது! எல்லாம் பொய்!" என்று கத்தினேன். அவர்களுக்குப் புரியப் பத்து நிமிஷம் ஆனது. புரிந்ததும் அழுகை நின்றது. ஒரு கிழவி குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி என்மேல் தூற்றினாள். அப்புறம் எல்லோரும் தூற்றினார்கள். அதிகாரி அடுத்த ரயிலில் ஏறிப் போனார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தும் என் பக்கம் திரும்பவில்லை. ஹைஸ்கூல் வேலையும் அதே ரயிலில் போனது.

வகுப்பு அன்றோடு முடிந்தது. நான் பிற்பாடு வேறு ஊரில் ஒரு கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா ஆனேன். கதை என்னைவிட வேகமாகப் பயணம் செய்து என் மாமனார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கும் மளிகைச் சாமான் பட்டியல் எழுதிக் கொடுத்தால் என் மனைவி, "இதை ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட காட்டிட்டு வாங்கட்டுமா?" என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பேரன்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நானும் சிரிப்பேன்.

அவர்களுக்கு நான் சொல்லாதது கொஞ்சம் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து தபாலாபீஸ் வாசலில் முனிரத்தினத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "ஆங், உடுங்க சார்" என்றார். பிறகு தயங்கி, "நாடகம் வேணாங்க. பட்டாளத்துத் தந்தியில வர்ற வார்த்தைங்க மூணே மூணு காட்டிக் குடுங்க. செத்துட்டான், அடிபட்டுகினான், காணல. இந்த மூணும் எழுத்துல எப்படி இருக்கும்?" என்றார். அங்கேயே ஒரு பழைய உறையின் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நான் உருப்படியாக நடத்திய ஒரே பாடம் அதுதான்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை முனிரத்தினம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பிரித்த தந்தி.

"கன்னியம்மாவுக்கு வந்துது சார். என்னையே படிக்கச் சொல்லுச்சு. எழுத்து சரியாத் தெரியல, சாரைக் கேட்டுகினு வரேன்னு சொல்லிட்டு வந்தேன். வாசல்லயே நின்னுகினு இருக்குது." காகிதத்தை நீட்டினார். "நான் தப்பாத்தான படிச்சிருக்கேன், சார்?"

வாங்கிப் படித்தேன். உறையில் நான் எழுதிக் காட்டிய மூன்றில் முதல் வார்த்தை. தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று மலைமேல் இருக்கிற முருகனை வேண்டிக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன். முனிரத்தினம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் படிச்சிருக்கீங்க" என்றேன்.