முதலுதவிப் பெட்டியில் பத்தொன்பது கொலைகாரர்கள்

அன்று காலை கம்பெனி வேனில் இருந்தவர்கள்: ஸ்டீயரிங்கில் தனசேகர். அவன் பக்கத்தில் பாய்லர் ராஜேந்திரன். அவர்களுக்குப் பின்னால் ஜன்னலோரம் லேப் கலைவாணி அக்கா, கிள்ளை ஊர்க்காரர். அடுத்த சீட்டில் நான், சாயப் பிரிவு. என் பக்கத்தில் சி.ஐ.டி. மாமா, ஸ்டோர் கீப்பர். இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். அவர்கள் சிதம்பரத்தில் ஏறியதும் தூங்கி, கம்பெனி இருக்கும் குடிகாட்டில்தான் கண் திறப்பார்கள். சாட்சியில் சேர்க்க முடியாது.

நடந்ததைச் சொல்லும் முன் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடலூர் மாவட்டத்தில் சி.ஐ.டி. மாமா அளவுக்குக் கொலைகாரர்களைக் கண்டுபிடித்த ஆள் கிடையாது. போலீசிலும் கிடையாது. ஒரே குறை, அத்தனை கொலைகாரர்களும் நாவலில் இருந்தார்கள்.

அவருக்குச் சொந்தப் பெயர் உண்டு. சம்பளச் சீட்டில் இருக்கும். வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை.

மாதம் பிறந்ததும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் நிற்பார். புதிதாக வந்த மர்ம நாவல் எதுவும் அவரைத் தாண்டி வேறு கைக்குப் போகாது. பழையதைத் தொடமாட்டார்.

“பழைய கொலையில என்னா இருக்குது மாப்ள? பொணம் நாறும். சூடா இருக்கணும்.”

வாங்கியதும் பிரவுன் பேப்பர் அட்டை போட்டுவிடுவார். அட்டையில் படம் போடுகிறவன் பாதித் துப்பைக் கொட்டிவிடுகிறான் என்பது அவர் குற்றச்சாட்டு. ஒரு நாள் சேஃப்டி ஆபீசர் வேனில் வந்தார். பிரவுன் அட்டையைப் பார்த்தார். பாதுகாப்பு விதிப் புத்தகத்தை இப்படி விழுந்து விழுந்து படிக்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். மாமா அடக்கமாகத் தலையாட்டினார். அவர் விரித்திருந்த பக்கத்தில் ஒருத்தனைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் பாதுகாப்பு விழாவில் மாமாவுக்கு ஒரு எவர்சில்வர் சொம்பு கொடுத்தார்கள்.

தான் படித்ததோடு நிற்கமாட்டார். ஆளுக்கு ஏற்ற நாவல் என்று கையில் திணிப்பார். முகத்தைப் பார்த்துத்தான் திணிப்பார்.

“கலைவாணி, இந்தா. இதுல மாமியாருக்கு மீன் கொழம்புல விஷம் வைக்கிறாங்க. உனக்கு உபயோகமா இருக்கும்.”

“எம் மாமியார் கொழம்ப மோந்து பாத்துட்டுத்தான் மாமா சாப்புடும். வேற ஐடியா இருக்கிற புக்கா குடு.”

தனசேகருக்கு ஒன்று கொடுத்தார். அதில் வேன் டிரைவரை பிரேக் வயரை அறுத்துக் கொல்கிறார்கள். மூன்று நாள் எங்கள் வேன் முப்பதைத் தாண்டவில்லை. மூன்று நாளும் எங்களுக்கு லேட் போட்டார்கள்.

எனக்கும் நீட்டினார். படித்தால் தலைவலி வரும் மாமா என்றேன். நான் எட்டாவதோடு நின்றவன்.

“படிக்காமயே உன் மூஞ்சி அப்பிடித்தான் இருக்குது” என்றார்.

நிஜமான கேஸ்களிலும் இறங்குவார். அங்கேதான் சங்கடம். ஒரு முறை ராஜேந்திரனின் சாப்பாட்டுக் கேரியரைக் காணவில்லை. மாமா வேனை ஓரம் கட்டச் சொன்னார். ஒவ்வொருவர் சட்டையாகப் பார்த்தார். தூங்கிய ஏழு பேரையும் எழுப்பிப் பார்த்தார். கடைசியில் என் கையைப் பிடித்து எல்லோர் முன்னாலும் மோந்தார்.

“பேசாதவன்தான் எடுத்திருப்பான்” என்றார்.

மதியம் ராஜேந்திரன் வீட்டிலிருந்து போன் வந்தது. கேரியர் அடுப்பங்கரையிலேயே இருந்ததாம்.

“அப்ப உன் பொண்டாட்டிதான் மச்சான் அக்யூஸ்ட்டு” என்று சொல்லிவிட்டு மாமா கேஸை முடித்தார். என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாவலில் நாற்பதாம் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார். சாமான் கொடுக்க எழுதும் ஸ்டோர் சீட்டு ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கம் கொலைகாரன் யார் என்று எழுதுவார். மடிப்பார். நாலு பக்கமும் ஸ்டேப்ளர் பின் அடிப்பார். வேனின் முதலுதவிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவார். சாவி தனசேகரிடம். நாவலைப் படித்து முடித்த மறுநாள் காலை, வேன் ஆலப்பாக்கம் நெருங்கும்போது, கலைவாணி அக்கா கடைசிப் பக்கத்தை உரக்க வாசிக்க வேண்டும். பிறகு சீட்டைப் பிரித்து வாசிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்கும். மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வார். புகழ்ச்சி பிடிக்காதவர் மாதிரி.

வாசித்த சீட்டுகளும் மறுபடி பெட்டிக்குள்ளேயே போகும். ஆதாரமாம். ஒரு நாள் கதவு நசுக்கி ராஜேந்திரனுக்கு விரலில் ரத்தம் வந்தது. பெட்டியைத் திறந்தால் பஞ்சு இல்லை, மருந்து இல்லை. பத்தொன்பது கொலைகாரர்கள் இருந்தார்கள். ஒரு கொலைகாரனை விரலில் சுற்றிக்கொண்டுதான் ராஜேந்திரன் டூட்டிக்குப் போனான்.

எப்படி மாமா கண்டுபிடிக்கிறீங்க என்று கேட்டால் ரகசியம் மாதிரி குரலைத் தாழ்த்துவார்.

“யாரு ஜாஸ்தி நல்லவனா இருக்கானோ அவன்தான். எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசுவான். நாய்க்கு பிஸ்கட் போடுவான். புடி அவன.”

இவ்வளவுதான் அவருடைய மூளை. இதை வைத்துக்கொண்டு எங்கள் எச்.ஆர். மேனேஜரை இரண்டு வருடம் கண்காணித்தார். அவர் சிரித்துப் பேசுவார், பாவம்.

இருபதாவது நாவலில் அடி விழுந்தது. யாரோ புதிதாக எழுத வந்த ஒரு பெண் எழுதியது. மாமாவின் சீட்டில் ‘குடும்ப டாக்டர்’ என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் செத்தவனுடைய தங்கை கைதானாள்.

வேன் சிரித்தது. தூங்கின ஏழு பேரும் எழுந்து, என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள்.

“என்னா மாமா, கேஸு ஊத்திக்கிச்சா?” என்றான் ராஜேந்திரன்.

“டாக்டரு மானநஷ்ட வழக்குப் போடப் போறாரு மாமா, வக்கீல பாத்து வை” என்றார் அக்கா.

நானும் சிரித்தேன். எனக்கும் கையை மோந்த பாக்கி இருந்தது.

மறுநாள் மாமா கையில் புத்தகம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு வாரம் இல்லை. வேனில் சத்தமே இல்லாமல் நன்றாகத்தான் இருந்தது. பிறகு நன்றாக இல்லை.

எட்டாம் நாள் பத்து மணி டீக்கு, கம்பெனி கேட்டுக்கு எதிர்க் கடையில் என் பக்கத்தில் வந்து நின்றார். டீயைக் குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா தாயக்கட்டையில தோத்தது கெடையாது மாப்ள. ஊரே தெரியும். ஒரு நாள் தோத்தாரு. நாங்கல்லாம் சிரிச்சோம். மறு வருசம் என்னப் பாத்து, ‘யாரு தம்பி நீ, எந்த ஊரு’ன்னு கேட்டாரு.”

நான் டம்ளரைப் பார்த்தேன்.

“அப்ப அவருக்கு அம்பத்தேழு. இப்ப எனக்கு அம்பத்தேழு.”

“ஒரு நாவல் தப்பாப் போனதுக்கா மாமா?”

“நாவல் இல்ல மாப்ள. நான் என்னா கடலை மிட்டாயா எடுத்துக் குடுக்குறேன்? ஆசிட்டு. ஒரு கேன் மாத்தி எடுத்துக் குடுத்தா உள்ள எத்தன பேரு இருக்கீங்க? புதுசா இன்னொண்ணு வாங்கி ஊட்டுல வச்சுப் படிக்கிறேன். சீட்டு எழுதிப் போட்டுட்டேன். இதுவும் தப்பாச்சுன்னா ஸ்டோர் சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டு ஊட்டுக்குப் போயிடுவேன்.”

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். எனக்கு வராது.

“டீ ஆறுது மாமா” என்றேன்.

அன்று சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போனேன். மாமா கடைசியாக வாங்கின புத்தகம் எது என்று கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். வாழ்க்கையில் நான் வாங்கின முதல் புத்தகம். கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தேன். கொலை செய்தது ஜோசியர்.

மறுநாள் தனசேகரிடமும் அக்காவிடமும் சொன்னேன். தனசேகர் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தான். என்னிடம் ஒரு ஸ்டோர் சீட்டு இருந்தது. பின்பக்கம் ‘ஜோசியர்’ என்று எழுதினேன். மடித்து நாலு பக்கமும் பின் அடித்தேன். மாமாவின் சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பிரித்துப் பார்க்கவில்லை. அது மரியாதையாகப் படவில்லை.

இனி, அன்று காலை.

ஆலப்பாக்கம் நெருங்கியது. அக்கா கடைசிப் பக்கத்தை வாசித்தார். ஜோசியர் கைதானார். தனசேகர் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு மறு கையால் பெட்டியைத் திறந்து சீட்டை நீட்டினான். அக்கா பின்னைப் பிரித்தார்.

“ஜோசியர்!”

ராஜேந்திரனுக்கு விஷயம் தெரியாது. அதனால் நிஜமாகவே கை தட்டினான். “மாமான்னா மாமாதான்யா!”

மாமா ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

“இன்னொரு தரம் வாசி.”

“ஜோசியர், மாமா.”

“நான் அத எழுதலியே” என்றார். எனக்கு மட்டும்தான் கேட்டது. “எழுதினதுகூட மறந்துபோச்சா...”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன எழுதினோம் என்பது எழுதினவருக்குத் தெரியும். மூன்று பேர் சேர்ந்து போட்ட திட்டம். ஒரு எட்டாவது, ஒரு பத்தாவது, ஒரு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. மூன்று பேருக்கும் இது தோன்றவில்லை. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். தனசேகர் கண்ணாடியில் பார்த்தான்.   

 மாமா கையை நீட்டி, “அந்தச் சீட்டக் குடு” என்றார்.

கண்ணாடியைப் போட்டார். சீட்டைப் பார்த்தார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். மோந்தார். பிறகு மெதுவாக என் கையைப் பார்த்தார். நான் கையைத் தொடைக்குக் கீழே தள்ளிக்கொண்டேன். அதைச் செய்திருக்கக் கூடாது.

“தனசேகரு, வண்டிய ஓரம் கட்டு.”

வேன் நின்றது. ஏழு பேரும் குடிகாடு வந்துவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

“உக்காருங்கடா. கேஸு நடக்குது.”

சீட்டைத் தூக்கிக் காட்டினார். ஓரத்தில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. சாயப் பிரிவில் வேலை செய்கிறவன் கையை எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்த மஞ்சள் போகாது.

“இது ஒண்ணு. அடிச்ச பின்னு நாலும் கோணலு. சாயப் பிரிவு ஸ்டேப்ளரு ஒடஞ்சு போயி மூணு மாசமா புதுசு கேட்டுக்கிட்டு இருக்கானுங்க, நான்தான் தரல. இது ரெண்டு.” சீட்டைத் திருப்பினார். “இது என்னா நம்பரு, நாலாயிரத்து இருநூத்திப் பதினேழு. இந்தச் சீட்ட நான் போன செவ்வாக்கெழம இவன் கையில குடுத்தேன். மஞ்சா கிளவுசு ரெண்டு ஜோடி, மாஸ்க்கு நாலு. மத்தியானம் ரெண்டரை மணி. இவன் பேனா கேட்டான், நான் தரமாட்டேன்னேன். சரியா மாப்ள?”

“சரி மாமா.”

“என் சீட்டு எங்க?”

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார். ‘மூத்த மருமகன்’ என்று எழுதியிருந்தது. தப்பு.

ராஜேந்திரன் எட்டிப் பார்த்தான். “அப்ப இதுவும் ஊத்திக்கிச்சே மாமா.”

“அது கெடக்குதுடா” என்று மாமா கசக்கி ஜன்னல் வழியே எறிந்தார். “புக்குல எவன் வேணும்னாலும் என்னா வேணும்னாலும் எழுதுவான். இது நெசக் கேஸு. நேரம், நம்பரு, கைரேகை. மூணு நிமிசத்துல புடிச்சேன். சாவி குடுத்தவன் தனசேகரு. அவன் கண்ணாடியில முழிச்ச முழியே சொல்லுது. கலைவாணி, நீ வாசிக்கும்போதே உன் குரல்ல ஒரு ஆட்டம் இருந்துச்சு. மூணு பேரு. கேங்கு.”

 முகத்தில் ரத்தம் வந்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

ஏன் செய்தாய் என்று மட்டும் கேட்கவில்லை. உலகத்தில் எந்தத் துப்பறிகிறவனும் அதைக் கேட்காமல் விட்டதில்லை.

அன்று கம்பெனிக்குள் போவதற்கு முன்பே கேட்டில் ஆரம்பித்துவிட்டார். மதியத்துக்குள் பாய்லர், லேப், கேன்டீன் எல்லா இடத்துக்கும் கேஸ் போய்விட்டது. சொல்லச் சொல்ல வளர்ந்தது. சாயங்காலம் கேன்டீனில் நான் கேட்டபோது, நான் தப்பி ஓடப் பார்த்ததாகவும் மாமா சட்டையைப் பிடித்து நிறுத்தியதாகவும் இருந்தது. வாட்ச்மேன் ஒரு மாதம் வரை “என்னா அக்யூஸ்ட்டு, டூட்டிக்கா?” என்றுதான் கேட்டார். ஸ்டோர் சாவி மாமா இடுப்பிலேயே இருந்தது.  

சாயப் பிரிவுக்குப் புது ஸ்டேப்ளர் வந்தது. கூடவே எனக்குத் தண்டனையும் வந்தது. பிரவுன் அட்டை போட்ட ஒரு நாவல்.

“கடைசிப் பக்கம் மட்டும் படிக்கிற திருட்டுப் பய நீ. முதல்ல இருந்து படி. படிச்சியான்னு விசாரிப்பேன்.”

விசாரித்தார். வேனில், எல்லோர் முன்னாலும், பக்கம் பக்கமாக. பிறகு அடுத்ததைக் கொடுத்தார். அதற்கு அடுத்ததையும் கொடுத்தார். தலைவலி வருகிறது என்றால் தைலத்தையும் அவரே கொடுத்தார்.

விரல் வைத்துத்தான் படிக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் மஞ்சள் ரேகை விழுகிறது. அவர் திட்டிக்கொண்டே வாங்கிப் பார்ப்பார், எந்தப் பக்கம் வரை ரேகை இருக்கிறது என்று. ஒரு பக்கத்தைக்கூட நான் படிக்காமல் தாண்டினதில்லை.

போன வாரத்தோடு முப்பத்தேழு நாவல்.