சீஸ் பர்கரும் என் இடது கையும்

ஒரு மனிதன் தன்னைக் குறையில்லாதவனாகக் காட்டிக்கொள்ளப் பாடுபடும்போதுதான் மற்றவர்கள் அவனிடம் குறை தேடத் தொடங்குகிறார்கள். இதை நான் எழுபதுகளில் மெல்பேர்ணில், ஒரு மலிவான சீஸ் பர்கரிடம் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஓர் அரசாங்க அலுவலகத்தில் படவரைஞன். (நாள் முழுதும் இரண்டு கையாலும் கோடு போடுகிற வேலை.) யாழ்ப்பாணத்தில் சரோஜா என்ற பெண்ணை எனக்குப் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்தியிருந்தது. படமும் வந்திருந்தது. நான் நாள் தவறாமல் எழுதும் நாட்குறிப்பில், படம் வந்த கிழமை வானிலையை எழுத மறந்திருக்கிறேன். என் விஷயத்தில் அது சாதாரண சங்கதி அல்ல. மிச்சமிருந்தது ஒன்றுதான். பெண்ணின் தாய்மாமன் அருளம்பலம் மாஸ்ரர் மெல்பேர்ணில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தார். அவர் என்னை நேரில் பார்த்து ஊருக்குக் கடிதம் எழுதவேண்டும். நல்லதாக எழுதினால் கல்யாணம். இல்லாவிட்டால் நான் படத்தைத் திருப்பி அனுப்பவேண்டும்.

மாஸ்ரர் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஊரெங்கும் கிளை வைத்திருந்த ஓர் உணவகத்துக்கு வரச் சொன்னார். பிளாஸ்ரிக் கதிரைகள், சுவரில் சாப்பாட்டின் வண்ணப் படங்கள். நான் பன்னிரண்டு நிமிடம் முந்திப் போய், வெளியே குளிரில் நின்று, சொன்ன நேரத்துக்கு உள்ளே நுழைந்தேன்.

"இரும் தம்பி. இங்க மலிவு, வயிறும் நிரம்பும். ரெண்டு சீஸ் பர்கர் சொல்லிப்போட்டன்," என்றார்.

இறைச்சி எந்த மிருகத்தினுடையது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. (இரண்டு சைவக்காரர் வெளிநாட்டில் சந்திக்கும்போது சில கேள்விகளைத் தவிர்ப்பது மரியாதை.)

பர்கர் வந்தது. விட்டம் நாலரை அங்குலம், உயரம் மூன்று. (கண்ணளவுதான். ஆனால் என் கண்ணளவு பிழைப்பதில்லை.) கத்தியும் இல்லை, முள்ளுக்கரண்டியும் இல்லை. சுற்றியிருந்த வெள்ளைக்காரர் இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்ரரும் அப்படியே செய்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. இது பரீட்சை! மாப்பிள்ளை இடது கையால் சாப்பாட்டைத் தொடுகிறவனா என்று மனுஷன் வேவு பார்க்கிறார். நான் இடது கையை மேசைக்குக் கீழே, மடியில் வைத்தேன். அடுத்த நாற்பது நிமிடம் அது வெளியே வரவில்லை.

ஒற்றைக் கையால் சீஸ் பர்கர் சாப்பிட முடியாது என்று சொல்லமாட்டேன். சாப்பிடலாம். ஆனால் முன்னால் கடித்தால் பின்னால் வரும். முதற்கடியில் சோஸ் மணிக்கட்டுக்கு வழிந்தது. இரண்டாவதில் வெங்காயம் போனது. மூன்றாவது கடியில், அவுஸ்திரேலியர் ஏனோ உள்ளே வைக்கும் பீற்றூட் துண்டு முன்னே போக, இறைச்சியும் சீஸும் அதன் பின்னால் வழுக்கி என் மடியை நோக்கி இறங்கின. கீழேயிருந்த இடது கை மூன்றையும் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட்டில் ஒரு பந்துகூடப் பிடிக்காத கை அது.

மாஸ்ரர் என் வலது கையில் மிஞ்சியிருந்த வெறும் பணிஸ் ரொட்டியைப் பார்த்தார்.

"கெதியாச் சாப்பிடுறீர், என்ன?"

"ஓம் மாஸ்ரர். நல்ல ருசி."

"மற்றக் கையாலயும் பிடியுமன், தம்பி."

"பழக்கமில்லை, மாஸ்ரர்."

அவர் மெல்வதை நிறுத்தினார். "பழக்கமில்லையோ? ஏன், அந்தக் கை ஏலாதோ?"

"சீச்சீ, நல்லா ஏலும்!"

"அப்ப ஒருக்கா மேல வையும், பாப்பம்."

கையை வைத்தால், பீற்றூட், இறைச்சி, உருகிய சீஸ் எல்லாம் கூடவே மேசைக்கு வரும். வைக்காவிட்டால் கை ஏலாத முடம் என்றாகிவிடும். நான் ஆற அமர யோசித்து, "பிறகு காட்டுறன், மாஸ்ரர்," என்றேன். (கையை யாராவது பிறகு காட்டுவார்களா, மடையா!)

புறப்படும்போது கையை, அது பிடித்திருந்தவற்றோடு, கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டேன். மாஸ்ரர் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். படியில் என் தோளைத் தாங்கி இறக்கினார். "யோசியாதையும் தம்பி, கடவுள் இருக்கிறார்," என்றார். அன்றைய நாட்குறிப்பு இப்படி முடிகிறது: "சந்திப்பு திருப்தி. மாஸ்ரர் பாசமானவர். கோட்டைச் சலவைக்குக் கொடுக்கவேண்டும்."

சில கிழமைகளில் அப்பாவின் கடிதம் வந்தது. "உன் கைக்கு என்ன நடந்தது? எங்களிடம் ஏன் மறைத்தாய்? பெண்வீட்டார் பின்வாங்குகிறார்கள். அம்மா சாப்பிடாமல் அழுகிறா."

நான் மாஸ்ரர் வீட்டுக்கு ஓடிப்போய், வாசலிலேயே இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, பீற்றூட் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திப் பார்த்தார்.

"நான் நம்புறன், தம்பி. ஊர் நம்பாது. கதை இப்ப சந்தி வரைக்கும் போயிருக்கும். நீர் ஒரு டொக்டரிட்டை எழுதி வாங்கும்."

இந்தச் சான்றிதழ் எதற்கு என்று டொக்டர் கேட்டார். கல்யாணத்துக்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இடது கை பூரணமாக இயங்குகிறது என்று எழுதி முத்திரை குத்தித் தந்தார். அதையும் மாஸ்ரரின் புதிய கடிதத்தையும் ஒரே உறையில் அனுப்பினோம். சரோஜாவின் தகப்பன் சம்மதித்தார்.

யாழ்ப்பாணத்தில் கல்யாணத்தன்று, தாலி கட்ட இரண்டு கையையும் நான் தூக்கியபோது, மேளத்தையும் மீறிப் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "ரெண்டும் அசையுதடி!"

மாமனாருக்கு அது போதவில்லை. படம் எடுக்க வந்தவரைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். எங்கள் கல்யாண அல்பத்தில் ஐம்பத்திரண்டு படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் என் இடது கை முன்னுக்கு நிற்கிறது. நாலு படங்களில் அது மணப்பெண்ணை மறைக்கிறது. இன்றைக்கும் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் சரோஜா அல்பத்தை அவர்கள் மடியில் விரித்துவைத்துச் சொல்வாள்: "முதல்ல கையைப் பாருங்கோ. ஆளைப் பிறகு பாக்கலாம்."