வெள்ளைப் பட்டை ரோஸான விவரம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம், கொடியைத் தவிர. அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள்.

சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நீங்கள், எங்கள் குடியிருப்பின் சுதந்திர தினத்துக்கென்று ஆசையாக அனுப்பிய, நம் சின்ன நாட்டின் சிவப்பு வெள்ளைப் பட்டையும் நட்சத்திரமும் கொண்ட தேசியக் கொடியும், அதன் வரலாற்றை எழுதிய நான்கு பக்கமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. மடிப்பில் கறை இருக்கிறதென்று என் வீட்டுக்காரி கொடியை வெந்நீரில் ஊறவைத்தாள். சிவப்புப் பட்டையின் சாயம் வெள்ளையில் இறங்கி, காலையில் பார்த்தால் ரோஸ். "சாயம் போச்சுன்னா சம்பந்தியம்மா வாங்கின கடையோட குத்தம், என்னை ஏன் முறைக்கிறீங்க?" என்றாள். இது அவள் சொன்னது, நான் சொன்னதல்ல. எட்டு மணிக்கு விழா. வேறு கொடி கிடைக்கவில்லை. குடியிருப்புச் செயலாளர் நான்தான், ஏற்றிவிட்டேன். காவலாளி, பழைய பட்டாளத்துக்காரர், விறைப்பாகச் சல்யூட் வைத்தார். பிறகு கேட்டால், "கலரை யாரு சார் பாத்தா, நீங்க போட்ட முடிச்சு அவுந்துருமோன்னுதான் பாத்துட்டிருந்தேன்" என்கிறார்.

ஆனால் நாற்பது பிள்ளைகளோடு வந்திருந்த பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியை விடவில்லை. "வெள்ளைன்னா சமாதானம்னு சொல்லிக் குடுத்திருக்கேன். ரோஸ் எதுக்கு சார்?" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான், எத்தனை பொய் கேட்டிருப்பேன், சொல்லிப் பழக்கமில்லை. முதல் கொடியைச் சிறையில் பெண்கள் போர்வையைக் கிழித்துத் தைத்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பிடித்துக்கொண்டேன். ஊசி குத்தி அவர்கள் விரலில் வழிந்த ரத்தம் வெள்ளையில் பரவியது, அதன் நினைவாக ஆண்டுக்கொருமுறை ரோஸ் கொடி ஏற்றுவது மரபு என்றேன். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்களின் பெயரில் பொய் சொன்னது நெஞ்சை அறுக்கிறது, சம்பந்தி. சோறு இறங்கவில்லை. செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். இனி என் ஆயுளுக்கும் மைக்கைத் தொடமாட்டேன். உண்மையைத் தலைமையாசிரியைக்கு எழுதிவிடுகிறேன். பெரியமனது பண்ணி நீங்கள் மன்னிக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசி. சம்பந்தியம்மாவுக்கு என் வீட்டுக்காரியின் அன்பு. கடை விஷயத்தை அவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தலைமையாசிரியை வந்துவிட்டார். பிள்ளைகள் வீட்டில் சொல்லி, பெற்றோர் எல்லாம் என் பேச்சைக் கேட்க வேண்டும் என்கிறார்களாம். வெள்ளிக்கிழமை கூட்டம், சரி என்றுவிட்டேன். கொடியிலுள்ள நட்சத்திரத்துக்கு ஏன் ஏழு முனை என்று உடனே எழுதுங்கள். தாமதமானாலும் பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்.