பொட்டு வைத்த பெட்டி

குடை முதல் கொசுவத்தி வரை 'கம்பெனி சரக்கு' அல்லாத எதையும் தொடாமல் வாழ்ந்த ஒரே மனிதர், திருவானைக்காவலிலேயே எங்கள் 'கம்பெனி' அண்ணன்தான். பேர் தெரியாத தண்ணீர் பாட்டிலை நீட்டினால், தாகத்தோடு ஸ்ரீரங்கம் வரை நடப்பாரே தவிர குடிக்க மாட்டார்.

அவருடைய டைப்பிங் கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பெரிய கம்பெனியுடையது. பெட்டியின் முகப்பில் இருந்த சின்னத்துக்கு வெள்ளிதோறும் சந்தனம், குங்குமம். "கண்ட பென்டிரைவையும் சொருகுனா மெஷினுக்கு வயித்துவலி வரும் தம்பி" என்பார். ஆகவே என் எம்.ஏ. ஆய்வேடு அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருந்தது.

ஒப்படைக்க ஒரு நாள் இருக்கையில் மதர்போர்டு உயிரை விட்டது.

புத்தூரிலிருந்து மெக்கானிக் வந்தார். "இந்தப் போர்டு இப்ப வர்றதில்லைங்க. சாதா போர்டு போட்டுடலாம்."

"சாதாவா!" அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்துத்தான் இறங்கிவந்தார். ஆனால் பெட்டி மாறக் கூடாது. கம்பெனி பெட்டியில்தான் குடியிருக்கிறது என்பது அவர் சித்தாந்தம்.

பெட்டியும் அவரைப் போலவே பிடிவாதக்காரி. போர்டின் ஓட்டைகள் ஓரிடம், பெட்டியின் திருகுகள் வேறிடம். பவர் சப்ளையின் பிளக் உலகில் வேறெந்தப் போர்டிலும் நுழையாது. சுவிட்ச் ஒயரும் அதே சாதி.

"வேற பெட்டி போட்டா அரை மணி நேர வேலைங்க."

"பிள்ளைக்குச் சட்டை பத்தலன்னா பிள்ளையவாய்யா மாத்துவாங்க?"

பெட்டியையும் புதுப் போர்டையும் மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் அரியமங்கலம் பட்டறைக்கு ஆட்டோவில் போனார். மாலையில் புது ஓட்டைகளோடு திரும்பினார். ஓட்டையெல்லாம் கச்சிதம், ஒன்றே ஒன்றுதான் குறை. குறிபோடும் ஆணி சில்லுகளைக் கீறிவிடாமலிருக்கப் போர்டைக் கவிழ்த்துப் பிடித்து அளவெடுத்திருந்தார். கவிழ்த்துப் போட்டால் மட்டுமே போர்டு பொருந்தியது.

அப்போது அப்பா போன் செய்தார். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்தவர். ஸ்பீக்கரில் சத்தமாகக் கேட்டது: "பொஸ்தகம் அச்சாயிருச்சாப்பா? நாளைக்குக் குடுத்துருவல்ல?"

அண்ணன் பெட்டியை மெல்ல ஓரமாக நகர்த்தினார்.

"எடுய்யா அந்தச் சாதாவ."

மேசைமேல் அட்டைப்பெட்டி, அதன்மேல் அம்மணமாகப் போர்டு, பக்கத்தில் மெக்கானிக்கின் சொந்த பவர் சப்ளை. சுவிட்ச்தான் இல்லை. போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஊசிகளை ஸ்குரூடிரைவரால் ஒருசேரத் தொட வேண்டும். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடித் தொட்டார். போர்டின் குட்டி மின்விசிறி சுழன்றது. பழைய டிஸ்க்கில் என் ஆய்வேடு சுகமாக இருந்தது.

அச்சாகி வந்த முகப்புத் தாளைக் காலிப்பெட்டியின் முன்னால் வைத்தார். சின்னத்திலிருந்த குங்குமத்தைத் தொட்டு ஓரத்தில் அழுத்தினார்.

"சாதாவ நம்ப முடியாது தம்பி. இனி பெட்டி பாத்துக்கும்."

ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் அந்த ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். "முதல் பக்கத்துலயே கறையா? வேற தாள் போட்டிருக்கலாமே?"

போட்டிருக்கலாம்தான்.

"அது கறை இல்லைங்க சார்" என்றேன். அன்று நான் தடுமாறாமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.